வசந்தத்தை முன்னழைத்தவர்கள்

இங்கிலாந்தில் டிசம்பர் மாதத்துப் பகற்பொழுது மிகக் குறுகியது. காலை எட்டு மணிக்குமேல் லண்டன் நகரத்துக் கூரைகளின்மீது எழுகின்ற சூரியன் மாலை நான்கு மணிக்கு முன்பாகவே மறைந்துவிடுகிறான். அவ்வளவு நேரத்திலும் மேகங்களை விலக்கி அவன் முகங்காட்டும் பொழுது சொற்பமே. இலையுதிர்ந்த மரங்களும், ஈரத்தில் ஊறிக் கருத்த மண்ணும், விடியற்காலையில் புல்நுனிதோறும் படிந்திருக்கும் உறைபனியுமாக இரண்டு மூன்று மாதங்கள் கழிந்த பின்னர், பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், சருகுகளுக்கிடையே வெண்ணிறமான ஒரு சிறு மலர் தலைகவிழ்ந்து நிற்கக் கண்டால் அந்நாட்டார் அடையும் ஆனந்தத்துக்கு அளவில்லை. ஸ்னோட்ராப் என்னும் அம்மலரைக் காண்பதற்கென்றே குடும்பத்தோடு புறப்பட்டு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் அணிந்து, அயலார் தோட்டத்துக்குள் கட்டணம் செலுத்தி நுழைந்து, சேற்றிலே மண்டியிட்டு அமர்ந்து, பூவை விரல்நுனியால் நிமிர்த்தி அதன் உட்புறத்தைப் பார்க்கின்ற ஜனங்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் உண்டு.

வசந்தத்தின் இத்தகைய அறிகுறிகள் யாவும் இயற்கை மனமிரங்கித் தானாகவே வழங்கும் பிரசாதம் என்று காண்பவர் எண்ணுவது சகஜம். சரித்திரத்தைப் புரட்டினால் வேறொரு செய்தி புலனாகிறது. ஆங்கிலத் தோட்டத்தில் பிப்ரவரி மாதம் நாம் காணும் மலர்களுள் பெரும்பாலானவை வேற்று நாடுகளிலிருந்து வந்து குடியேறியவை. அவற்றை எதிர்நோக்கியிருந்து, கண்டு, தேதியிட்டுக் குறித்து மகிழும் பழக்கமும் சில தனிமனிதர் தொடங்கிவைத்துப் பல தலைமுறையினர் பேணி வளர்த்தது. மார்ச் மாத இறுதியிலோ ஏப்ரலிலோ வரவேண்டிய வசந்தத்தை இரண்டு மாதம் முன்னதாக வரவழைத்துக்கொண்ட அம்மக்களின் பிரயத்தனம் நானூறு ஆண்டு நீண்டது. அந்தப் பிரயத்தனத்தின் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவது இக்கட்டுரையின் கருத்து.

அயலிலிருந்து வந்தவற்றையெல்லாம் நீக்கிவிட்டுப் பார்த்தால், அந்நாட்டு மண்ணுக்கே உரிய முன்வசந்த மலர்கள் மிகச் சிலவே. வேலியோரங்களில் வளரும் ஹேசல் மரம் இலைவிடுவதற்கு முன்பாகவே மஞ்சள் நிறமான ஆண்பூக் கொத்துக்களைக் கிளைதோறும் தொங்கவிடும். காற்று அசைத்தால் மகரந்தம் புகையாகப் பறக்கும். அதே கிளையில், மொட்டின் நுனியில், கண்ணருகே பிடித்துப் பார்த்தாலன்றித் தென்படாத சிவந்த நூலிழைகள் சில நீட்டிக்கொண்டிருக்குமே, அவைதாம் அதன் பெண்பூ. இலையுதிர்காலத்துக் கொட்டைகள் யாவும் அந்த இழைகளிலிருந்து பிறப்பவை. ஹேசலுக்குப் பின்னர் ஓடைக்கரைகளில் செலண்டைன் என்னும் மஞ்சள் பூவும், மரநிழலில் பிரிம்ரோஸும், சில பிராந்தியங்களில் காட்டு டாஃபடிலும் மலரும். ஆனால் இவையெல்லாம் வனத்துக்கும் வேலிக்கும் உரியவை. மத்திய காலத்துத் தோட்டம் என்பதோ பெரும்பாலும் மடாலயங்களிலும் மாளிகைகளிலும் மூலிகைக்காகவும் சமையலுக்காகவும் வைத்த பாத்திகளின் தொகுதி. பிப்ரவரியில் அப்பாத்திகளிலே பார்த்து மகிழத்தக்கது ஏதுமில்லை.

ஆகையால் அக்காலத்து மக்கள் வசந்தத்தின் வரவைத் தோட்டத்தில் தேடவில்லை, பஞ்சாங்கத்தில் தேடினார்கள். பிப்ரவரி 2ஆம் தேதி கேண்டில்மாஸ் திருநாள். கன்னி மரியாள் குழந்தை இயேசுவை ஆலயத்துக்கு எடுத்துச் சென்ற நிகழ்ச்சியைக் கொண்டாடும் அத்தினத்தில், ஆண்டு முழுவதற்கும் வேண்டிய மெழுகுவர்த்திகளை ஆசீர்வதித்து, அவற்றை ஏற்றிக்கொண்டு ஊர்வலம் வருவது வழக்கம். அன்று வானம் தெளிந்து வெயிலடித்தால் குளிர்காலம் இன்னும் மீதியிருக்கிறது என்றும், மப்பும் மழையுமாக இருந்தால் குளிர் கழிந்தது என்றும் குடியானவர்கள் நிமித்தம் பார்த்தனர். அதைவிட முக்கியமான ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 1752ஆம் ஆண்டு வரையில் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு பிறந்தது மார்ச் 25ஆம் தேதியில்தான். பகலும் இரவும் சமமாகி, கலப்பை மண்ணில் இறங்கும் பருவத்தில் வருஷம் பிறந்தது என்றால், அதற்கு முந்திய பிப்ரவரி மாதம் பழைய வருஷத்தின் கடைசிக் கசப்பு. அதில் ரஸிக்கத்தக்கது ஒன்றும் இருப்பதாக யாரும் கருதவில்லை.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. துருக்கிய சாம்ராஜ்யத்தின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து ஹாப்ஸ்பர்க் அரசரின் தூதர்கள் வழியாக வியன்னாவுக்கு வந்துசேர்ந்த பலவகைக் கிழங்குச் செடிகளை, கரோலஸ் குளூசியஸ் என்னும் தாவரவியல் அறிஞர் வளர்த்து, ஐரோப்பாவெங்கும் இருந்த தம் நண்பர்களுக்குத் தபாலில் அனுப்பிப் பரப்பினார். மண்ணுக்கடியில் உணவைச் சேமித்து வைத்துக்கொண்டு, கோடையின் வறட்சியை உறங்கிக் கழித்து, குளிர்காலத்து ஈரம் கிடைத்தவுடன் அவசரமாக மலர்ந்துவிடுவது அக்கிழங்குகளின் இயல்பு. அந்த அவசரம் தெற்கு ஐரோப்பாவிலும் ஆசியா மைனரிலும் உயிர்பிழைப்பதற்கான உபாயம். இங்கிலாந்துத் தோட்டத்திலோ அது பிப்ரவரியின் வெறுமையை நிரப்பும் அலங்காரமாக ஆயிற்று.

லண்டனில் ஹோபர்ன் பகுதியில் தோட்டம் வைத்திருந்த ஜான் ஜெரார்டு, எலிஸபெத் அரசியாரின் மந்திரி பர்லி பிரபுவின் தோட்டங்களையும் மேற்பார்த்தவர். 1596இல் அவர் தம் தோட்டத்தில் வளர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட செடிகளின் ஜாபிதா ஒன்றை அச்சிட்டார். மறு ஆண்டு, 1597இல், ‘ஹெர்பல்’ என்ற பெருநூலை வெளியிட்டார். வின்டர் அகொனைட் என்னும் மஞ்சள் பூ, பச்சை இலைக் கழுத்தணியோடு பனியிலேயே மலர்வதையும், அது லண்டன் தோட்டங்களில் மிகுதியாக உள்ளதையும் அந்நூல் சொல்லுகிறது. மஞ்சள் குரோக்கஸ் பாரீஸ் நகரத்து ஜான் ரோபேன் என்ற தோட்டக்காரர் தமக்கு அனுப்பியது என்று நன்றியோடு குறிப்பிடுகிறார். வெண்ணிறமான ஸ்னோட்ராப்பையும் வருணிக்கிறார். ஆனால் அந்தப் பெயரால் அன்று. இன்று வழங்கும் பெயர் 1633இல் தாமஸ் ஜான்சன் திருத்தி வெளியிட்ட பதிப்பிலேதான் சேர்ந்தது. ஆங்கில வசந்தத்தின் அடையாளமாக இன்று போற்றப்படும் மலருக்கு ஷேக்ஸ்பியர் காலத்தில் அந்நாட்டில் நிலையான பெயர்கூட இருந்ததாகத் தெரியவில்லை.

ஸ்னோட்ராப்பின் குடியேற்றம் மிகவும் சுவாரஸ்யமானது. ஐரோப்பாக் கண்டத்தின் மலைக்காடுகளைச் சேர்ந்த அச்செடி தோட்டங்களில் அடங்கியிருந்து, பிறகு மெல்ல வேலி தாண்டிற்று. இங்கிலாந்தில் அது காட்டுச் செடியாகத் தானே வளர்கிறது என்ற முதற் குறிப்பு 1770களில்தான் காணக்கிடைக்கிறது. மாதா கோயில் கல்லறைத் தோட்டங்களிலும், எட்டாம் ஹென்றி அரசன் கலைத்த மடங்களின் இடிபாடுகளிலும் அது கம்பளமாகப் பரவிக் கிடப்பதைக் காணலாம். நார்ஃபோக் மாகாணத்து வால்ஸிங்கம் மடத்தின் தோப்பு அதற்குப் பேர்போனது. கேண்டில்மாஸ் திருநாளையொட்டி மலர்வதாலும், தூய வெண்மை கன்னி மரியாளுக்கு உரியதாதலாலும், துறவிகளே அதை நட்டனர் என்று சொல்லுவோர் உண்டு. எவர் நட்டிருப்பினும், அச்செடி அங்கே புதியது என்பதற்கு அதன் நடத்தையே சாட்சி. பூ மலரும் பருவத்தில் வண்டுகளின் நடமாட்டம் மிகக் குறைவு; ஆதலால் பெரும்பாலும் விதை கட்டாமல், கிழங்கு கிழங்காகப் பிரிந்து, குத்துக் குத்தாகவே பெருகுகிறது. மனிதன் தோண்டி நட்ட இடத்தைச் சுற்றியே பல நூறு ஆண்டு தங்கியிருக்கிறது. அழகிய அம்மலரை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மரணம் நேரும் என்ற கிராமத்து அச்சமும் இன்னும் சில இடங்களில் மறையவில்லை. கல்லறைகளுக்கு மத்தியில் பூப்பதை எப்போதும் பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் எழுந்ததில் வியப்பில்லை.

அதன் அமைப்பையும் ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும். இலையின் நுனி கெட்டிப்பட்டிருப்பதால் உறைந்த மண்ணையும் துளைத்துக்கொண்டு வெளிவந்துவிடும். கடும்பனி விழுந்த இரவில் செடி முழுவதும் துவண்டு தரையில் படுத்துவிடும். பொழுது ஏறிப் பனி உருகியதும் ஒன்றும் நேராததுபோல எழுந்து நிற்கும். பூவுக்கு வெளியிதழ்கள் மூன்று, உள்ளிதழ்கள் மூன்று. வெயில் பட்டுக் காற்றின் வெப்பம் ஏறத்தாழ பத்துப் பாகை செல்ஸியஸை எட்டினால் வெளியிதழ்கள் அகன்று விரியும். அப்போதுதான் உள்ளிதழ்களின் விளிம்பிலுள்ள பச்சைக் கறை தெரியும். அக்கறையின் வடிவம் செடிக்குச் செடி வேறுபடுவது. பிற்காலத்தில் பெரிய ரஸிகர்களைப் பைத்தியமாக அடித்தது அந்தச் சிறு பச்சைக் கறையே.

மலர்கள் வந்துசேர்ந்த கதை இவ்வாறிருக்க, அவற்றின் வரவைக் குறித்துவைக்கும் பழக்கத்தை உண்டாக்கிய பெருமை நார்ஃபோக் மாகாணத்தில் ஸ்ட்ராட்டன் ஸ்ட்ராலெஸ் என்னும் கிராமத்து நிலக்கிழாரான ராபர்ட் மார்ஷம் அவர்களுக்கு உரியது. 1708இல் பிறந்து 1797இல் மறைந்த அவருக்கு மரங்களே வாழ்க்கை. சிறுவயதிலேயே ஓக் மரம் நட்டவர். 1747இல் அவர் வைத்த ஸீடர் மரம் இன்றும் அவ்வூரில் ஓங்கி நிற்கிறது. பீச் மரத்தின் அடிமரத்தைத் தண்ணீர்விட்டுத் தேய்த்துக் கழுவினால் மரம் விரைவாகப் பருக்கும் என்று கருதி, தாமே அவ்விதம் கழுவி, ஆண்டுதோறும் சுற்றளவை நூல்பிடித்து அளந்து, அம்முடிவுகளை ராயல் சொஸைட்டிக்கு எழுதியனுப்பினார். அண்டை அயலார் சிரித்திருக்கக்கூடும். ராயல் சொஸைட்டியோ 1777இல் அதைப் பிரசுரித்தது, 1780இல் அவரை அங்கத்தினராகவும் சேர்த்துக்கொண்டது.

அவர் 1736ஆம் ஆண்டு தொடங்கிய குறிப்பேடுதான் நமது விஷயத்துக்கு முக்கியம். வசந்தத்தின் அறிகுறிகள் என்று 27 நிகழ்ச்சிகளை அவர் தேர்ந்துகொண்டார். ஸ்னோட்ராப் பூப்பது, த்ரஷ் பறவை பாடுவது, ஹாதார்ன் தளிர்ப்பது, பிறகு அதே ஹாதார்ன் மலர்வது, தவளைகளும் தேரைகளும் கத்துவது, காட்டுப் புறா கூவுவது, ரூக் என்னும் காக்கை கூடுகட்டுவது, அதன் குஞ்சுகள் வெளிப்படுவது, மஞ்சள் வண்ணத்துப்பூச்சி தோன்றுவது, டர்னிப் பூப்பது, தகைவிலான் குருவி வந்துசேர்வது, குக்கூ குரல்கொடுப்பது, நைட்டிங்கேல் பாடுவது. இவற்றோடு ஓக், பீச், பிர்ச், எல்ம், ஆஷ் முதலிய பல மரங்கள் தளிர்விடும் நாள்கள். மனம்போனபோது எழுதிய நாட்குறிப்பன்று அது. ஒரே இடத்தில், ஒரே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவர் காத்திருந்து குறித்தது. இடையிலே 1752இல் அரசாங்கம் பழைய பஞ்சாங்கத்தைக் கைவிட்டு, செப்டம்பர் 2ஆம் தேதிக்கு மறுநாளை 14ஆம் தேதி என்று அறிவித்துப் பதினொரு நாள்களை நீக்கிவிட்டது. ஆதலால் 1752க்கு முன்னும் பின்னும் உள்ள தேதிகளை ஒப்பிடுவோர் அந்தப் பதினொரு நாள்களைக் கணக்கில் எடுத்துத் திருத்தவேண்டும். மலர்களும் பறவைகளும் அந்தச் சட்டத்தைப் பொருட்படுத்தவில்லை.

மார்ஷமின் வீட்டில் தங்கியிருந்த பெஞ்சமின் ஸ்டில்லிங்ஃப்ளீட் என்ற அறிஞர் 1755இல் அவ்வூரிலிருந்தே ஒரு மலர்ப் பஞ்சாங்கம் தயாரித்தார். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், தேதிகளைப் பார்த்து விதைப்பதைவிட மரங்கள் தளிர்ப்பதைப் பார்த்து விதைப்பது மேல் என்று கருதி, நாடெங்கும் அத்தகைய குறிப்புகள் சேகரிக்கப்படவேண்டும் என்று சொல்லிவந்தார். அவருடைய மாணவர் உப்ஸாலாவில் அதே ஆண்டில் செய்த பஞ்சாங்கத்தோடு தம்முடையதையும் சேர்த்து ஸ்டில்லிங்ஃப்ளீட் 1761இல் அச்சிட்டார். ரஸனையும் விஞ்ஞானமும் கைகோத்துக்கொண்ட முதற்கட்டம் அது என்னலாம். மார்ஷமோ தம் குறிப்புகளை வெளியிடுவதில் அவசரம் காட்டவில்லை. 50 ஆண்டுகள் கழித்து, தமது எண்பதாம் பிராயத்தைத் தாண்டியபின், 1789இல் தான் ராயல் சொஸைட்டியின் சஞ்சிகையில் அவற்றை வெளிவரச் செய்தார்.

ஏறக்குறைய அதே சமயத்தில், ஹாம்ப்ஷயர் மாகாணத்து ஸெல்போர்ன் கிராமத்தில் உதவிப் பாதிரியாராக இருந்த கில்பர்ட் ஒயிட் தமது ஊரின் இயற்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். அந்நூலைப் படித்த மார்ஷம் 1790இல் அவருக்குக் கடிதம் எழுத, முதுமையில் முளைத்த அந்த நட்பு 1793இல் ஒயிட் இறக்கும்வரை கடிதங்களிலேயே நிலவிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னமே தம்மிருவருக்கும் அறிமுகம் நேரவில்லையே என்று ஒயிட் அங்கலாய்த்துக்கொண்டார். ஒயிட்டும் குறிப்பேடு வைத்திருந்தவரே: 1751 முதல் தோட்டக் கணக்கு, 1768 முதல் கட்டம் போட்டு அச்சடித்த இயற்கைக் கணக்கு. முன்னதில், சாணமும் வைக்கோலும் வண்டி வண்டியாகக் கொட்டி, அவை மட்கும்போது எழும் சூட்டினால் வெள்ளரியையும் முலாம்பழத்தையும் குளிர்காலத்திலேயே முளைக்கவைத்த பிரயாசைகள் விரிவாக உள்ளன. வசந்தத்தை முன்னழைப்பதற்கு எருப்படுக்கையும் ஒரு வழியாக இருந்தது.

ஒயிட்டின் தோட்டத்து வசந்த அறிகுறிகளுள் விசித்திரமானது ஓர் ஆமை. அதை வளர்த்துவந்த தம் அத்தையார் காலமானபின் 1780 மார்ச் மாதத்தில், ஸஸெக்ஸ் மாகாணத்தில் மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்த டிமோதி என்னும் அந்த ஆமையைத் தோண்டியெடுத்து, பெட்டியிலிட்டுக் குதிரைவண்டியில் எண்பது மைல் கொண்டுவந்தார். வண்டியின் ஆட்டத்தில் விழித்துக்கொண்ட அது, ஸெல்போர்ன் சேர்ந்ததும் தோட்டத்தில் இரண்டுமுறை நடந்துவிட்டு, குளிர் மீதியிருப்பதை உணர்ந்து மறுபடியும் மண்ணுக்குள் புதைந்துகொண்டது. ஒவ்வோர் ஏப்ரலிலும் அது மண்ணை விலக்கித் தலைகாட்டும் நாளை ஒயிட் தவறாமல் எழுதிவந்தார். தகைவிலான் குருவிகள் ஆப்பிரிக்காவுக்குப் பறந்து செல்கின்றனவா, ஆமையைப்போல ஒளிந்து உறங்குகின்றனவா என்ற சந்தேகம் கடைசிவரை அவரை விடவில்லை. குரோக்கஸ் இனத்திலே ஒன்று வசந்தத்தின் முகப்பில் பனியையும் பாராமல் மலர, அதே இனத்து மற்றொன்று கோடை முழுவதும் காத்திருந்து இலையுதிர்காலத்தில் மலர்வதேன் என்றும் அவர் வியந்து கேட்டார். அன்றாடம் காண்பதைக் கண்டு வியக்கும் அந்த மனோபாவமே, அறிகுறி காணும் சம்பிரதாயத்துக்கு அவர் அளித்த செல்வம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சம்பிரதாயத்துக்குச் சற்றே இறங்குமுகம் ஏற்பட்டது. 1845இல் கண்ணாடிக்கு விதித்திருந்த வரி நீங்கவே, கண்ணாடி வீடுகள் மலிந்தன. வெந்நீர்க் குழாயின் சூட்டிலே தென் அமெரிக்காவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் பிறந்த மெல்லிய செடிகள் லட்சக்கணக்கில் வளர்க்கப்பட்டன. மே மாத இறுதியில், இனி உறைபனி இல்லை என்று உறுதியானபின், சிவப்பு ஜெரேனியமும் மஞ்சள் கால்ஸியோலேரியாவும் நீல லொபீலியாவும் பாத்திகளில் கோலமிட்டாற்போல நடப்படும், இலையுதிர்காலத்தில் பிடுங்கப்படும். மூன்று நான்கு மாத ஜொலிப்புக்காக எஞ்சிய காலமெல்லாம் பாத்தி வெறுமண்ணாகக் கிடந்தது. அயர்லாந்தில் பிறந்து லண்டனில் தோட்டக்காரராக உயர்ந்த வில்லியம் ராபின்ஸன் இவ்வழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். 1870இல் வெளியான அவருடைய ‘தி வைல்ட் கார்டன்’ என்னும் நூலின் சாரம் இதுவே: குளிரைத் தாங்கவல்ல அயல்நாட்டுச் செடிகளை மரத்தடியிலும் புல்தரையிலும் ஒருமுறை நட்டுவிட்டு, அவை தாமே பரவும்படி விட்டுவிடவேண்டும். ஸஸெக்ஸில் கிரேவ்டை மாளிகையை 1885இல் வாங்கி, புல்வெளிகளில் பல்லாயிரக்கணக்கான நார்ஸிஸஸ் கிழங்குகளை இறைத்து நட்டு, தாம் சொன்னதைச் செய்தும் காட்டினார். பூங்காக்களில் புல்லுக்கிடையே குரோக்கஸும் டாஃபடிலும் கூட்டங்கூட்டமாகப் பூப்பதை ஆங்கில மண்ணின் அநாதி வழக்கமென்று நினைப்போர் பலர். அதன் வயது 150 ஆண்டுகளை அதிகம் தாண்டாது.

இதற்கிடையே கப்பல்கள் ஓயாமல் செடி சுமந்து வந்தன. குளிர்காலத்து நடுவில் இலையற்ற கொம்புகளில் மஞ்சளாகப் பூக்கும் வின்டர் ஜாஸ்மினை 1844இல் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து அனுப்பினார். அதே நாட்டிலிருந்து சார்லஸ் மேரீஸ் 1879இல் கொண்டுவந்த விட்ச் ஹேசல், பெயர்பெற்ற வீச் நர்ஸரியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. கியூ தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ஒருவர் பார்த்து இனங்கண்டபின்னரே, ஜனவரியில் நறுமணம் வீசும் அப்பொன்னிறப் பூவின் அருமை விளங்கிற்று. யுத்தங்கூடத் தோட்டத்துக்குப் பணி செய்தது. 1854-55ஆம் ஆண்டின் கொடிய குளிரில் கிரிமியாவில் பதுங்குகுழிகளில் அவதியுற்ற சிப்பாய்கள், பனி உருகியதும் சுற்றிலும் மலர்ந்த பெரிய இலையுடைய ஸ்னோட்ராப்புகளைக் கண்டு, கிழங்குகளைத் தோண்டித் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தனர். 1874இல் ஹென்றி ஜான் எல்வெஸ் என்னும் கிளாஸ்டர்ஷயர் நிலக்கிழார், துருக்கியில் ஸ்மிர்னாவுக்கு அருகிலுள்ள மலையில் இன்னொரு பெரிய வகையைக் கண்டெடுத்தார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அவருடைய கோல்ஸ்போர்ன் தோட்டத்துக்குப் பிப்ரவரியில் இன்றும் திரளாக ஜனங்கள் வருகிறார்கள்.

இவ்வாறு பலவகை ஸ்னோட்ராப்புகள் ஒரே தோட்டத்தில் சந்தித்ததும் அவை தமக்குள் கலந்து புதிய வகைகளை ஈன்றன. ஸாமர்ஸெட் மாகாணத்து ஷெப்டன் மாலட் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆலன், வேண்டுமென்றே மகரந்தம் சேர்த்துப் புதுவகைகளை உண்டாக்கியவர்களுள் முதல்வர். 1891இல் ராயல் தோட்டக்கலைச் சங்கம் ஸ்னோட்ராப்புக்கென்றே கூட்டிய மாநாட்டில் கட்டுரை வாசித்தவர். அரிதிற் சேர்த்த அவருடைய செல்வத்தைப் பூஞ்சை நோயும் ஈயின் புழுவும் பெரும்பாலும் அழித்துவிட்டன. அவருக்குப்பின் அப்பித்தைக் கௌரவமாக வளர்த்தவர் என்ஃபீல்டில் மிடில்டன் மாளிகையில் வாழ்ந்த இ. ஏ. பௌல்ஸ். 1914இல் வெளிவந்த ‘மை கார்டன் இன் ஸ்பிரிங்’ என்ற நூலும், குரோக்கஸ் இனத்தைப்பற்றி 1924இல் அவர் எழுதிய நூலும் அவருக்கு நிலையான புகழை அளித்தன. முறுக்கிக்கொண்டு வளரும் ஹேசல் முதலாக, இயல்புக்கு மாறாக வளரும் செடிகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, அதற்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று அவர் வேடிக்கையாகப் பெயரிட்டார். ஒன்றை ஒன்று பிரித்தறிய உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டியிருக்கும் மலர்களுக்காக மனிதர் எவ்வளவு செலவழிப்பர் என்பதற்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு: 2012இல் ஒற்றைக் கிழங்கு 725 பவுனுக்கு விலைபோயிற்று, 2022இல் வேறொன்று 1,850 பவுனை எட்டிற்று.

ஆயினும் இந்த ஆனந்தம் பிரபுக்களின் வேலிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கவில்லை. 1927இல், வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பராமரிக்கும் தாதிகளுக்கு நிதி திரட்டும் பொருட்டு, தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் 609 தனியார் தோட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அந்தத் தர்மகாரியமே வளர்ந்து, இன்று நாடெங்கும் பெரிய மாளிகைத் தோட்டங்களோடு சிறிய வீட்டுக் கொல்லைகளும் குறித்த தினங்களில் கதவு திறக்கும் ஏற்பாடாக நிலைத்திருக்கிறது. முன்பு மே மாதத்துக்கு முன் யாரும் எட்டிப்பாராத தோட்டங்கள் இப்போது பிப்ரவரியில் திறக்கின்றன. ஸ்னோட்ராப் பார்த்துவிட்டு, சூடான தேநீரும் கேக்கும் அருந்தித் திரும்புவது குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய பொழுதுபோக்காகிவிட்டது.

மார்ஷம் தொடங்கிய கணக்கும் நின்றுவிடவில்லை. இடையில் சில ஆண்டுகள் விடுபட்டபோதிலும், அவருடைய வம்சத்தார் தலைமுறை தலைமுறையாக அதே ஊரில் அதே அறிகுறிகளை 1958 வரையில் குறித்துவந்தனர். 1875 முதல் வானிலையியல் சங்கம் நாடெங்குமுள்ள தொண்டர்களிடம் பூக்கும் தேதிகளைக் கேட்டுத் தொகுத்து, 1948 வரை அறிக்கைகள் வெளியிட்டது. அவ்வறிக்கைகளை நெடுநாள் தயாரித்த எட்வர்ட் மாலி, தோட்டக்கலையின் பேரறிஞையான கெர்ட்ரூட் ஜீகிலோடு சேர்ந்து ரோஜாவைப்பற்றி நூல் எழுதியவர் என்பது கவனிக்கத்தக்கது. கணக்கெடுத்தவரும் ரஸித்தவரும் வெவ்வேறு மனிதர் அல்லர். 2000ஆம் ஆண்டில் உட்லண்ட் டிரஸ்ட் என்ற மரப் பாதுகாப்புச் சங்கம் அப்பணியைப் புதுப்பித்துத் தொடங்க, பள்ளிச் சிறுவர் முதல் ஓய்வுபெற்ற முதியோர் வரை தத்தம் கொல்லையில் கண்டதை எழுதியனுப்பிவருகிறார்கள்.

இத்தனை குறிப்புகளும் சேர்ந்து சொல்லும் செய்தி மகிழ்ச்சிக்குரியதாக இல்லை. 1753 முதல் 2019 வரை பிரிட்டனில் 406 வகைத் தாவரங்கள் முதன்முதலாகப் பூத்த தேதிகளில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வொன்று, 1986 வரையிலான காலத்தோடு ஒப்பிடுகையில் 1987க்குப் பிந்திய ஆண்டுகளில் மலர்ச்சி சராசரியாக ஒரு மாதம் முந்திவிட்டது என்று காட்டுகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வெப்பம் உயர்ந்ததே அதற்குக் காரணம். முந்திப் பூத்த பழமரத்தைப் பின்னால் வரும் ஓர் இரவின் உறைபனி கருக்கிவிடும். பூவும் வண்டும், புழுவும் குஞ்சும் ஒன்றையொன்று தவறவிடும். ஜெரார்டு பாரீஸிலிருந்தும், ஃபார்ச்சூன் சீனாவிலிருந்தும், சிப்பாய்கள் போர்க்களத்திலிருந்தும் கிழங்கும் கொடியும் கொணர்ந்து, ஒயிட் சாணப் படுக்கை பரப்பி, அரும்பாடுபட்டு வசந்தத்தை முன்னழைத்தார்கள். இன்றோ அது அழைக்காமலே முந்தி வருகிறது, வந்த விருந்தினரைக் கண்டு தோட்டக்காரர் கவலைப்படுகிறார்.

இவ்வளவும் நமக்கு உறுதியாகத் தெரிவதற்கு எந்த அரசாங்கத்தின் உத்தரவும் காரணமன்று. ஒரு நிலக்கிழாரும் ஒரு பாதிரியாரும் அவர்களைப் போன்ற எண்ணற்றவர்களும், பிரயோஜனம் யாதென்று கேளாமல், ஆண்டுதோறும் அதே மூலையில் நின்று அதே மலரை எதிர்பார்த்தார்கள், கண்டபோது மகிழ்ந்தார்கள், மகிழ்ச்சி மறையுமுன் தேதியை எழுதிவைத்தார்கள். முதல் இரண்டும் எல்லா நாட்டு ரஸிகர்களுக்கும் பொதுவானவை. மூன்றாவதைச் செய்ததனால்தான் அவர்களுடைய இன்பம் அவர்களோடு மாண்டுபோகாமல், இரண்டரை நூற்றாண்டுக்குப்பின் பூமியின் வெப்பத்தை அளப்பவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத சாட்சியமாகப் பயன்படுகிறது.